ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டிரைவர்

ஷரீஃப்: பந்து எங்க போச்சுன்னு அப்பால பாக்கலாம் வக்கீல் சார். அடிச்ச டிரைவர் கட்டை எங்க போச்சு, அத்த சொல்லுங்க.

சுப்பராமன்: அதோ... துணி காயறதே, அந்த வேஷ்டிக்குப் பக்கத்துல.

ஷரீஃப்: ஆத்தங்கரை வரிக்கும் பறந்துடுச்சா! முப்பது கெஜம் தேறும். பந்து நாலு கெஜம்கூட போவலை.

சுப்பராமன்: சிரிக்காதே பாய். நீ பிடித்தோல்ல எண்ணெயைத் தடவி வெச்சிருக்கே. வழுக்கறது.

ஷரீஃப்: எண்ணெயா? காலைலதான் மெழுகு வெச்சுத் தேச்சேன். தொட்டா கை ஒட்டிக்கும். இருங்க, போய் எடுத்தாறேன்.

சுப்பராமன்: யாராவது பார்த்தாளா?

ஷரீஃப்: ரெண்டு எருமை பாத்துச்சு. அதுங்க வெளிய சொல்லாது.

சுப்பராமன்: எடுத்துண்டு வா, போ.

ஷரீஃப்: ...இந்தாங்க. தலை ஒடையலை. நல்ல காலம். ஏன் சார், கிளப்புல புல்லு வெட்டி, தண்ணி தெளிச்சு, எல்லாம் பண்ணி வெச்சிகீறாங்க. அத்த வுட்டுட்டு சைதாப்பேட்டைக்கு வந்து, எம் பட்டறைக்குப் பின்னால, இந்த சாணியிலயும் முள்ளுலயும் கோல்ஃப் ஆடணும்னு உங்களுக்கு இன்னா தலையெழுத்து?

சுப்பராமன்: அங்கே நாலு பேர் பார்ப்பா. மூணு மாசமா நான் கட்டையைத் தொடலை. பழக்கம் விட்டுப் போச்சு. ஞாயித்துக்கிழமை அனந்தராமனோட ஆடியாகணும்.

ஷரீஃப்: மாம்பலத்துல புதுசா பங்களா கட்டிக்கினு வந்தாரே, அவரா?

சுப்பராமன்: அவரேதான். அவர் பிள்ளைக்குத்தான் எங்க ஜானுவை நிச்சயம் பண்ணியிருக்கு. ஆவணியில கல்யாணம். இன்னும் மூணு வாரம் இருக்கு. "சம்பந்தி, ஒரு ஆட்டம் போடலாம் வாங்கோ"ன்னு மூணு தடவை மயிலாப்பூருக்கு ஆள் அனுப்பிட்டார். முதல் ரெண்டு தடவை ஜுரம்னு சொல்லிட்டேன். மூணாந்தடவையும் ஜுரம்னா...

ஷரீஃப்: போயி ஆடிட்டு வாங்களேன். தோத்தா இன்னா? பொண்ணு குடுக்கறவங்க தோத்தாத்தான் மாப்ள வூட்டுக்கு சந்தோஷம்.

சுப்பராமன்: தோக்கறதுக்குப் பயமில்லை பாய்.

ஷரீஃப்: அப்பால எதுக்குப் பயம்?

சுப்பராமன்: ...ஆளோட வீச்சைப் பார்த்து, அவாவாளுக்கு ஏத்த டிரைவரைப் பொறுக்கிக் குடுப்பியாமே நீ. கிளப்புல எல்லாரும் சொல்றா. எனக்கு ஒண்ணு பொறுக்கிக் குடு. கையை விட்டுப் போகாததா.

ஷரீஃப்: கையை வுட்டுப் போவாததா... சரி. மூணு எடுத்தாந்து கீறேன், பாருங்க. இப்ப நீங்க வீசுனது ஹிக்கரி. சீமைலேர்ந்து வர்ற மரம். காம்பு நல்லா வளையும். பொறுமையா சுத்துறவங்களுக்கு இது. தோளைத் திருப்பி, மேல போயி, ஒரு மூச்சு நின்னு எறங்கணும். காம்பு பின்னாலயே வந்து, கடைசில ஒரு சொடுக்கு சொடுக்கும். அதுலதான் பந்து போறது. ஒரு ஜட்ஜு கீறாரு, வேலைய வுட்டு பத்து வருஷம் ஆச்சு. நாற்காலிய வுட்டு எழுந்திரிக்க ரெண்டு பேரு தூக்கி வுடணும். இத்த வெச்சிக்கினு நூத்தெண்பது கெஜம் அடிக்கறாரு.

சுப்பராமன்: எனக்கு மட்டும் ஏன் பறக்கறது?

ஷரீஃப்: அந்த சொடுக்கு வர்றப்ப இடது கை கெட்டியா புடிச்சிகினு இருக்கணும். இல்லாங்காட்டி காம்பு திமிறிக்கினு போயிடும்.

சுப்பராமன்: ...அடுத்தது காட்டு.

ஷரீஃப்: இது இரும்புக் குழாய்க் காம்பு. ரெண்டு வருஷமாத்தான் வந்துகினு கீது. வளையவே வளையாது. வெடுக்குனு அடிக்கறவங்களுக்கு. பட்டாளத்து துரை ஒருத்தரு கீறாரு, பாம்பை அடிக்கற மாதிரி அடிப்பாரு. ஹிக்கரி குடுத்தா மாசம் ஒண்ணு ஒடைப்பாரு. இத்த குடுத்தேன், நூல் புடிச்சாப்பல போவுது. ஆனா ஒண்ணு... பந்து தப்பா பட்டுச்சுன்னா தோள் வரிக்கும் ஜிவ்வுனு ஏறும். மூணு நாளைக்கு சோறு பிசைய முடியாது.

சுப்பராமன்: அதைக் குடு.

ஷரீஃப்: உங்களுக்கா? நீங்க வெடுக்குனு அடிக்கற ஆளே இல்லியே.

சுப்பராமன்: குடு, பார்க்கலாம். ...கொஞ்சம் நகரு.

ஷரீஃப்: பாத்து சார், பாத்து... அடடா! காம்போட ஓரத்துல பட்டுடுச்சு. கை செமத்தியா அதிர்ந்திருக்குமே?

சுப்பராமன்: அப்படி ஒண்ணும் இல்லையே.

ஷரீஃப்: இல்லியா?

சுப்பராமன்: வலது கைல கொஞ்சம் இருந்தது.

ஷரீஃப்: இடது கைல?

சுப்பராமன்: ஒண்ணும் தெரியலை. நல்ல டிரைவராத்தான் இருக்கு.

ஷரீஃப்: ...சார், அந்த ஹிக்கரியையே இன்னொரு தபா வீசுங்க. பந்து வோணாம். சொம்மா, மெதுவா. நான் கையை மட்டும் பாக்கறேன்.

சுப்பராமன்: கையை எதுக்குப் பார்க்கறே? வீச்சைப் பாரு.

ஷரீஃப்: வீச்சு கையிலதானே கீது.

சுப்பராமன்: ...ம். இப்போ?

ஷரீஃப்: மேல போறப்ப இடது கைல சுண்டு விரலும் மோதிர விரலும் காம்பை வுட்டுடுது. நீங்க வுட்டதா தெரியலை. அதுவா வுட்டுடுது. எறங்கறப்ப மொத்தத்தையும் வலது கைதான் இழுத்துக்கினு வருது, இடது கை சும்மா கூடவே... சார்! சார், கீழ போடுங்க அத்த!

சுப்பராமன்: என்ன? என்னத்துக்குக் கத்தறே?

ஷரீஃப்: ரத்தம் சார்!

சுப்பராமன்: எங்கே?

ஷரீஃப்: உங்க இடது கையிலதான். காம்பு விரிசல் வுட்டுகீது, அப்ப பறந்து வுழுந்துச்சே, அதுல. இத்தினி நீளத்துக்கு சிலாம்பு உள்ள பூந்துகினு கீது பாருங்க... ஊசியாட்டம்... உங்களுக்கு வலிக்கலை?

சுப்பராமன்: வலிக்கறது. வலிக்கறது, ஏன் வலிக்காம...

ஷரீஃப்: நான் சொல்லாங்காட்டி பாத்திருக்கவே மாட்டீங்களே.

சுப்பராமன்: ஆட்டத்துல கவனமா இருந்தேன். துணி ஏதாவது குடு.

ஷரீஃப்: குடுக்கறேன். பட்டறைக்கு உள்ள வாங்க, உக்காருங்க. கையைக் காட்டுங்க.

சுப்பராமன்: நானே கட்டிக்கறேன். தொடாதே.

ஷரீஃப்: ஏன்?

சுப்பராமன்: தொடாதேன்னா தொடாதே.

ஷரீஃப்: ...முழங்கைக்கு உள்பக்கம், அந்த எலும்புக்குப் பின்னால, நரம்பு கயிறாட்டம் தடிச்சிகீதா சார்?

சுப்பராமன்: என்ன உளர்றே நீ? வாதம். வாயுப் பிடிப்பு. வைத்தியர் தைலம் குடுத்திருக்கார்.

ஷரீஃப்: தைலத்துல கொறையலியே.

சுப்பராமன்: உனக்கென்ன பாய் தெரியும்? நீ மரத்தைச் சீவறவன். கோர்ட்டுல குறுக்கு விசாரணை பண்ற மாதிரி...

ஷரீஃப்: எங்க அண்ணன் அப்துல் கஃபாரை உங்களுக்கு ஞாபகம் கீதா?

சுப்பராமன்: ஏன் இல்லை? என்னோட முதல் டிரைவரே அவர் செஞ்சு குடுத்ததுதானே. ரங்கூனுக்குப் போனார். மரக்கடையில வேலைன்னு சொன்னே.

ஷரீஃப்: ரங்கூன்லாம் இல்ல சார். ஊருக்கு அப்படி சொல்லிக்கினு கீறோம். செங்கல்பட்டுல கீறாரு. ஆசுபத்திரியில. அங்க தனியா வெச்சிருக்கறவங்களோட.

சுப்பராமன்: ...எத்தனை வருஷமா?

ஷரீஃப்: ஆறு வருஷம். மொத மொதல்ல உளி கையை வுட்டு நழுவிச்சு. நாங்க சிரிச்சோம். "இன்னாண்ணே, கள்ளு குடிச்சியா"ன்னு கேட்டேன். அப்பால ஒரு நாளு உளி விரலையே வெட்டிடுச்சு. அவரு பாட்டுக்கு வேலை செஞ்சிக்கினு கீறாரு, மரத்தூள்லாம் செவப்பு. அப்பதான் தெரிஞ்சுது. அவருக்கும் அதே ரெண்டு விரலுதான் சார்.

சுப்பராமன்: கதவைச் சாத்து.

ஷரீஃப்: யாரும் இல்ல சார். வூட்ல எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிகீறாங்க.

சுப்பராமன்: பரவாயில்லை, சாத்து. ...சிந்தாதிரிப்பேட்டைல ஒரு டாக்டர்கிட்ட போறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வேம்புன்னு பேர் சொல்லியிருக்கேன். செங்கல்பட்டுல மளிகைக்கடைன்னு... என்னமோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாரா வாரம் நீரடிமுத்து எண்ணெய்ல ஊசி போடறார். கோர்ட்டுல கட்சிக்காரனைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன்.

ஷரீஃப்: டாக்டர் வாயால சொன்னாரா?

சுப்பராமன்: சொன்னார். குஷ்டம்னு இங்கிலீஷ்ல சொன்னார். இங்கிலீஷ்ல கேட்டா கொஞ்சம் வேற யாருக்கோ வந்த மாதிரி இருக்கும்னு நெனைச்சேன். இல்லை.

ஷரீஃப்: வூட்ல அம்மாவுக்குத் தெரியுமா?

சுப்பராமன்: அபயாம்பாளுக்கா? தெரியாது. கல்யாணம் நல்லபடியா முடியணும்னு விரதம்னு சொல்லி மாடியில தனியாப் படுத்துக்கறேன். எனக்குன்னு தனியா ஒரு தட்டு. அவ அதைக் கேட்டுட்டு ஊரெல்லாம் பெருமை பேசறா... "எங்காத்துக்காரருக்குப் பொண்ணு மேல அத்தனை பாசம்"னு. கல்யாணம் ஆன மறுநாளே காசிக்குன்னு கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன்.

ஷரீஃப்: காசிக்கு எதுக்கு சார் போறீங்க? செங்கல்பட்டுக்குப் போங்க. அண்ணன் கீறாரு. துணையாச்சு.

சுப்பராமன்: அவர் என்ன பண்றார் அங்கே?

ஷரீஃப்: இப்ப கையில விரலு இல்ல. காலைல எழுந்து செடிக்குத் தண்ணி ஊத்தறாரு. பக்கிரி பாட்டு பாடறாரு. மாசம் ஒரு தபா போவேன். போனா மொதல்ல கேப்பாரு, "ஜட்ஜுக்கு வளையுற காம்புதானே குடுத்தே? மாத்திடாதே"ன்னு.

சுப்பராமன்: ...

ஷரீஃப்: சார், அழுவாதீங்க.

சுப்பராமன்: நான் அழலை. ...நிச்சயதார்த்தத்தன்னிக்குத் தாம்பூலத் தட்டைக் கீழே போட்டேன் பாய். அத்தனை பேருக்கு நடுவுல. வெத்தலை, பாக்கு, பழம், எல்லாம் உருண்டு அனந்தராமன் காலண்டை போச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு பொறுக்கிண்டே என் கையைப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் கோல்ஃப் ஆட வாங்கோ, வாங்கோன்னு...

ஷரீஃப்: கையைப் பாக்கத்தான் கூப்புடறாரு.

சுப்பராமன்: ஞாயித்துக்கிழமை கட்டை கையை விட்டுப் பறந்ததுன்னா தீர்ந்தது. அதான் உன்கிட்ட வந்தேன். ரெண்டு விரல் மரத்துப் போனவனுக்கு ஏத்த டிரைவர் எதுன்னு வாய் விட்டுக் கேக்க முடியலை.

ஷரீஃப்: இப்ப கேட்டுட்டீங்கள்ல. குடுக்கறேன்.

சுப்பராமன்: இருக்கா?

ஷரீஃப்: மூணாவது ஒண்ணு கீதுன்னேனே, நீங்க பாக்கவே இல்ல. இதோ. காம்பு குட்டை. தலை குண்டு. முகம் கொஞ்சம் சாஞ்சாப்பல. ஒரு பெரிய டாக்டரு கேட்டாருன்னு செஞ்சேன். அவருக்குத் தொந்தி. முழுசா சுத்த முடியாது. பாதி வரிக்கும் தூக்கி அப்படியே போடணும். தூரம் போவாது. ஆனா கோணாது, திமிறாது. இப்ப இதுல... இருங்க... பிடில இடது கை வர்ற எடத்துல, தோலுக்கு அடியில துணி சுத்தறேன். பருமனா இருந்தா மீதி விரலே தாங்கிக்கும். மேல கட்டை விரலுக்கு ஒரு பள்ளம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

சுப்பராமன்: பாதி வீச்சு ஏன்னு கேட்டா?

ஷரீஃப்: இடுப்புல புடிப்புன்னு சொல்லுங்க. கல்யாண வேலைன்னா இடுப்பு புடிக்காதா? ...கொஞ்சம் நூலைப் புடிங்க. வலது கையால. அவ்ளோதான். ம்... இன்னும் ரெண்டு சுத்து. ...வாங்க வெளிய. இந்தப் பந்தை வைக்கறேன். தூக்காதீங்க ரொம்ப. தோள் வரிக்கும். வலது கையை நம்புங்க, இடது கைய மறந்துடுங்க. ம்...

சுப்பராமன்: ...

ஷரீஃப்: அட்றா சக்கை! போவுது பாருங்க, போவுது... பனமரத்தைத் தாண்டிடுச்சு!

சுப்பராமன்: கையில இருக்கு. பாய், கையிலயே இருக்கு!

ஷரீஃப்: இன்னொண்ணு அடிங்க.

சுப்பராமன்: ...இதுவும் நேராப் போறது. மூணு மாசத்துக்கப்புறம்... ஒரு பந்து நேராப் போய்ப் பார்க்கறேன்.

ஷரீஃப்: போதும். அவரு எத்தினி பாத்தாலும் இனிமே ஒண்ணும் தோணாது. அதோட... உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம வுட்டுடலாம்னுதான் இருந்தேன்.

சுப்பராமன்: என்ன?

ஷரீஃப்: அனந்தராமன் சார் செவ்வாக்கெழமை இங்க வந்தாரு.

சுப்பராமன்: இங்கேயா? எதுக்கு?

ஷரீஃப்: டிரைவர் பாக்கறேன்னு வந்தாரு. நான் ஹிக்கரி, குழாய், எல்லாம் சொல்லிக்கினு கீறேன், அவரு காதுலயே வாங்கலை. அப்பால கேட்டாரு, "ஆளோட கட்டையைப் பாத்தாலே கை எப்படின்னு சொல்லிடுவியாமே. சுப்பராமய்யர் கட்டை உங்கிட்ட தோல் மாத்த வந்துச்சாமே. அவரு கை எப்படி கீது?"ன்னு.

சுப்பராமன்: கட்டையா? ஆமாம், போன மாசம் அனுப்பியிருந்தேன்...

ஷரீஃப்: அப்பவே எனக்குத் தெரியும் சார். தோல்ல இடது கை தேயுற எடத்துல தேய்மானமே இல்ல, புதுசு மாதிரி கீது. வலது கை எடம் கிழிஞ்சி போயிகீது. இன்னி வரிக்கும் நான் ஒருத்தராண்டயும் சொல்லலை.

சுப்பராமன்: அவர்கிட்ட என்ன சொன்னே?

ஷரீஃப்: ஒரு கொறையும் இல்ல, தங்கமான கைன்னேன்.

சுப்பராமன்: நம்பினாரா?

ஷரீஃப்: நம்பலை. சத்தியம் பண்ணச் சொன்னாரு. எம் பொண்ணு ஷம்ஷாத் அவருக்குத் தண்ணி கொண்டாந்து நின்னுகினு இருந்தா. அவ தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

சுப்பராமன்: ஐயோ, பாய்...

ஷரீஃப்: அண்ணனுக்கு ஒரே பொண்ணு சார், அஸ்மத்துன்னிசா. அப்ப, நாளைக்கு நிக்காஹ்னு இருக்கு. இன்னிக்கு எவனோ போயி மாப்ள வூட்ல சொல்லிட்டான். பந்தலைப் பிரிச்சது நான்தான். அதுக்கப்பறந்தான் சிந்தாதிரிப்பேட்டைய வுட்டுட்டு இங்க வந்தோம். இப்பவும் எங்க வூட்லதான் கீறா. பேச மாட்டா. அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒடம்புல ஒரு புள்ளி கெடையாது. அப்பனுக்கு வந்ததுக்குப் பொண்ணு இன்னா சார் பண்ணும்? அதான் பொய் சொன்னேன். அல்லா கேட்டா சொல்லிக்கறேன்.

சுப்பராமன்: ...அவ்வளவுதானா? வேற ஏதாவது கேட்டாரா?

ஷரீஃப்: போறப்ப நின்னு, "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?"ன்னாரு. இல்லன்னு சொன்னேன். அது பொய் இல்லியே. எம் பொண்ணு தலை மேலேர்ந்து கையை எடுக்காமலே சொன்னேன்.

சுப்பராமன்: ...இந்தா. வாங்கிக்கோ.

ஷரீஃப்: டிரைவரை ஏன் திருப்பித் தரீங்க? எடுத்துக்கினு போங்க, ஞாயித்துக்கெழமை...

சுப்பராமன்: ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. வாசல்ல தூங்கற வண்டிக்காரனை எழுப்பு. இப்படியே மாம்பலம் போறேன். அனந்தராமன் ஆத்துலதான் இருப்பார்.

ஷரீஃப்: அங்க எதுக்கு?

சுப்பராமன்: சொல்லிடறேன். உன் பேர் வராது. நீ பார்த்த கட்டை என்னோடதே இல்லை, என் தம்பியோடதுன்னு சொல்லிடறேன். உன் சத்தியம் பொய்யில்லைன்னு ஆயிடும்.

ஷரீஃப்: இன்னா சார், புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? மூணே வாரம்! டிரைவர் கையில நிக்குது. அவரு சந்தேகம் தீந்துடுச்சு. இப்ப போயி நீங்களே...

சுப்பராமன்: வழியை விடு பாய்.

ஷரீஃப்: வுட மாட்டேன். அஸ்மத் கதி உங்க பொண்ணுக்கும் வரணுமா? வியாதி உங்களுக்கு. போயி காசியில கெடங்க, செங்கல்பட்டுல கெடங்க, எங்கயாவது போங்க! அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு? எம் பொண்ணு தலைல கை வெச்சு நான் சொன்னது எதுக்கு சார்? அந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லன்னுதானே?

சுப்பராமன்: நானும் நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனைச்சிண்டிருந்தேன். அப்புறமும் வாயை மூடிண்டு இந்தக் கல்யாணத்தை முடிச்சுடணும்னுதான் இன்னிக்கு உன்கிட்ட வந்தேன்... ஷம்ஷாத் தலையில கை வெச்சேன்னு நீ சொல்ற வரைக்கும். நேத்து மத்தியானம் ஜானு ஊஞ்சல்ல படுத்துத் தூங்கிண்டிருந்தா. முழங்கைக்கு மேல, எட்டணா அகலத்துக்கு ஒரு வெளுப்பு. அபயாம்பாளோட தையல் ஊசியை எடுத்துண்டு வந்து அதுல குத்தினேன் பாய். ரத்தம் வந்தது. குழந்தை முழிச்சுக்கலை.